வீட்டில் வேதபாடம் நடத்த வாங்கிய நீலப் பெட்டி: ஒரு வருடப் பாவனைக்குப் பின்

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டில், ஒன்பது வயது மகளுக்கும் ஆறு வயது மகனுக்கும் நானே பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் கொழும்பில் புத்தகப் பஞ்சம் இல்லை. காலி வீதியில் அரை மணித்தியாலம் நடந்தால் தேவைக்கு அதிகமாகவே கிடைக்கும். சமயபாடத்துக்குத்தான் திண்டாடினேன். ஆலயத்தில் ஞாயிறுதோறும் நடக்கும் ஓய்வுநாட் பாடசாலையில் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் கிடைக்கிறது. பாட்டும் வரவு எடுப்பதும் காணிக்கையும் போக, பாடத்துக்கு மிஞ்சுவது இருபது நிமிடம். ஆகவே போன வருடத்துக்கு முந்திய மார்கழியில் கிறிஸ்தவப் புத்தகக் கடையொன்றில், வீட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே தமிழில் வெளிவந்த வேதபாடத் தொகுப்பு ஒன்றை 18,500 ரூபா கொடுத்து வாங்கினேன். வெளியீட்டாளரின் பெயரையும் கடையின் பெயரையும் இங்கே எழுதவில்லை. குறைகளை அவர்களுக்கே நேரடியாக எழுதி அனுப்பியிருக்கிறேன். பெட்டியின் நிறத்தை வைத்து நீலப் பெட்டி என்றே இங்கு குறிப்பிடுகிறேன்.

பெட்டிக்குள் பெற்றோருக்கான வழிகாட்டி ஒன்று, இரு வயதுப் பிரிவுகளுக்கும் பயிற்சிப் புத்தகங்கள், மனன வசன அட்டைகள், சுவரில் ஒட்டும் காலக்கோட்டுப் படம் ஒன்று ஆகியவை இருந்தன. கடதாசி தடித்தது, மகன் மெழுகுப் பென்சிலை அழுத்தித் தேய்த்தும் மறுபக்கம் ஊறவில்லை. மூலம் அமெரிக்காவில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது என்பது வழிகாட்டியின் முதற் பக்கத்திலேயே சொல்லப்பட்டிருக்கிறது, சொல்லாவிட்டாலும் தெரிந்திருக்கும். காணாமற்போன ஆட்டைத் தேடும் மேய்ப்பன், பனி மூடிய ஊசியிலை மரங்களுக்கு நடுவே கம்பளித் தொப்பியோடு நிற்கிறான். மகன் அந்தப் பனிக்கு மஞ்சள் நிறம் தீட்டி, அது கடற்கரை மணல் என்றான். நான் திருத்தவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது சிறிதல்ல. ஓய்வுநாட் பாடசாலையில் நாங்கள் படித்த காலத்தில் நோவா ஒரு கிழமை, தாவீது மறு கிழமை, சகேயு அதற்கடுத்த கிழமை என்று தனித்தனி மணிகளாகக் கதைகள் வந்தன. அவற்றைக் கோக்கும் நூல் எது என்று எவரும் காட்டவில்லை. நீலப் பெட்டி ஆதியாகமத்தில் தொடங்கி வெளிப்படுத்தின விசேஷம்வரை ஒரே கதையாக நடத்திச் செல்கிறது. யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்தில் பழுதற்ற ஒரு வயதுக் குட்டியை அடித்து அதன் இரத்தத்தை வாசல் நிலையில் பூசிய பாடம் வந்து பல மாதங்களுக்குப் பின்னர், யோவான் 1ஆம் அதிகாரத்தில் யோவான்ஸ்நானன் இயேசுவைக் காட்டி ‘தேவ ஆட்டுக்குட்டி’ என்று சொல்லும் இடத்தில், வழிகாட்டி பழைய பாடத்தின் பக்க எண்ணை மட்டும் தந்துவிட்டுப் பேசாமல் இருக்கிறது. மகள் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அப்ப அந்தக் குட்டி இவர்தானா?” என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காகவே கொடுத்த காசில் பாதி செரித்துவிட்டது என்பேன்.

வெள்ளிக்கிழமைப் பாடமும் எனக்குப் பிடித்தது. அன்று எழுத்துவேலை கிடையாது. பிள்ளை அந்தக் கிழமையின் கதையைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும், பெற்றோர் குறுக்கிடக் கூடாது. ‘உன் பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதித்து’, வீட்டில் இருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் பேச வேண்டும் என்று உபாகமம் 6ஆம் அதிகாரம் சொல்வதை எவ்வளவோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். ஆனால் வாயை மூடிக்கொண்டு கேட்பதும் போதிப்பதில் ஒரு பங்கு என்பதை இந்த வெள்ளிக்கிழமைகளில்தான் பழகினேன்.

இனிக் குறைகள். தொகுப்பு 36 கிழமைகளுக்கு அமைந்தது. அமெரிக்கப் பள்ளி வருடம் செப்டெம்பர் மாத அளவில் தொடங்குவதால், கிறிஸ்து பிறப்புப் பாடம் 16ஆம் கிழமையிலும் உயிர்த்தெழுதல் பாடம் 30ஆம் கிழமையிலும் வருமாறு வைத்திருக்கிறார்கள். இங்கே தைமாதம் தொடங்கினால், பெத்லகேம் முன்னணை சித்திரைப் புத்தாண்டுப் பலகாரத்தோடும் வெற்றுக் கல்லறை ஆடி மாதத்திலும் வந்து சேர்கின்றன. மொழிபெயர்த்தவர்கள் ஒரு பக்க அட்டவணை சேர்த்திருந்தாலே இது தீர்ந்திருக்கும். நான் வரிசையை மாற்றினேன். மாற்றியதும் மேலே புகழ்ந்த பக்க எண் தொடர்புகள் சில இடங்களில் குழம்பின.

அதைவிடப் பெரிய எரிச்சல், வேதாகமப் புத்தகங்களின் பெயர்கள். பன்னிரண்டு வேவுகாரர் கானானுக்குப் போய், திராட்சக் குலையொன்றை இருவர் தடியில் கட்டிச் சுமந்து வந்த கதைக்கு, பயிற்சிப் புத்தகம் ‘எண்கள் 13’ஐ வாசிக்கச் சொன்னது. மகள் வேதாகமத்தின் பொருளடக்கத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழாக இரண்டு முறை தேடிவிட்டு, அப்படி ஒரு புத்தகமே இல்லை என்று என்னிடம் கொண்டுவந்தாள். எண்ணாகமம்தான் ‘எண்கள்’ ஆகியிருந்தது. அப்போஸ்தலருடைய நடபடிகள் ‘செயல்கள்’ என்றும் நியாயாதிபதிகள் ‘நீதிபதிகள்’ என்றும் இருந்தன. தமிழ் வேதாகமம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்காமலே ஒருவர் வேதபாடம் மொழிபெயர்த்திருக்கிறார் என்பதை ஜீரணிக்க எனக்குச் சில நாட்கள் பிடித்தன.

ஆனால் இவை எல்லாம் பேனாவால் வெட்டித் திருத்தக்கூடிய பிழைகள். மனன வசன அட்டைகளில் இருப்பது அந்த வகைப் பிழையல்ல. பிள்ளைகளுக்குப் பழைய தமிழ் கடினம் என்று நினைத்து, வசனங்களை எளிய நடையில் புதிதாக எழுதியிருக்கிறார்கள். நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் ஆலயத்தில் வாசிக்கும் மொழிபெயர்ப்பு 1871இல் வெளிவந்தது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது இலகுவான தமிழல்ல. 23ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்துக்கு அட்டையில் இருந்தது இது: ‘கர்த்தர் என்னைப் பார்த்துக்கொள்கிறார், எனக்கு எல்லாம் கிடைக்கும்.’ மகள் அதை ஒரே மூச்சில் பாடமாக்கினாள். தம்பி பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “எல்லாம் கிடைக்குமெண்டா சைக்கிளும் கிடைக்குமா அம்மா?” என்றான்.

அட்டையின்படி அவன் கேட்டது நியாயம். நான் எழுந்துபோய் அம்மம்மாவின் வேதாகமத்தை எடுத்துவந்து, ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்’ என்று வாசித்தேன். முதலில் ‘மேய்ப்பர்’ இடறியது. எங்கள் சபையில் போதகர் ஐயாவையும் மேய்ப்பர் என்று சொல்வதால், மகன் அவரையே நினைத்துவிட்டான். அடுத்து மகள், “தாழ்ச்சி எண்டா என்ன?” என்றாள். குறைவு, இல்லாமை என்றேன். “எங்கட வீட்டில எத்தனையோ குறை இருக்கே, லிஃப்ட் கூட வேலை செய்யுதில்லை” என்றாள். அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. ஆகவே மேலே வாசித்துக்கொண்டு போனோம். நான்காம் வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு வந்தது. மேய்ப்பர் இருக்கும்போதே பள்ளத்தாக்கும் இருக்கிறது, அதற்குள் அவர் கூட நடக்கிறார் என்று அவளே கண்டுபிடித்தாள். அட்டையின் எளிய தமிழில் பள்ளத்தாக்குக்கு இடமே இல்லை. எல்லாம் கிடைக்கும் என்று வாக்குக் கொடுத்தபின் பள்ளத்தாக்கு எங்கிருந்து வரும்? கடினமான சொல்லை எடுத்துவிடும்போது, பிள்ளை நின்று கேள்வி கேட்கும் இடத்தையும் சேர்த்தே எடுத்துவிடுகிறார்கள். போதாததற்கு, வசனம் சொல்லாத ஒன்றை அந்த இடத்தில் வைத்தும் விடுகிறார்கள். அன்றுமுதல் எங்கள் வீட்டில் ஒவ்வொரு அட்டையின் பின்பக்கத்திலும் மகள் வேதாகமத்தைப் பார்த்து வசனத்தைத் தன் கையெழுத்தில் எழுதுகிறாள். மனனம் செய்வது அந்தப் பக்கத்தைத்தான்.

உபதேச வேறுபாடுகளிலும் பெட்டி கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது. என் மாமி மன்னாரைச் சேர்ந்த கத்தோலிக்கர். பேதுருவை இராயப்பர் என்றும் பவுலைச் சின்னப்பர் என்றும் சொல்லி வளர்ந்தவர். மகள் ‘கொலை செய்யாதிருப்பாயாக’ ஆறாம் கட்டளை என்று ஒப்புவித்தபோது, மாமி சமையலறையிலிருந்து “ஐந்தாவது பிள்ளை” என்று திருத்தினார். இருவரும் சரி. கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் விக்கிரகத்தைப் பற்றிய கட்டளையை முதலாவதோடு சேர்த்து, இச்சிக்காதிருத்தலை இரண்டாகப் பிரித்து எண்ணுவார்கள். மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபைகளில் எண்ணும் முறை வேறு. பத்து என்ற தொகையில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இதற்கு இரண்டு வரிக் குறிப்புப் போதும். வழிகாட்டியில் அது இல்லை. ஞானஸ்நானப் பாடமோ, வயதுவந்தபின் தண்ணீரில் மூழ்கி எடுப்பது ஒன்றே சரி என்று தீர்ப்பே கூறிவிடுகிறது. குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கும் சபையைச் சேர்ந்த எங்களைப் போன்றவர்கள் அந்தக் கிழமையைத் தாங்களாகவே எழுதிக்கொள்ள வேண்டும். விற்கும்போது பெட்டியின் மேல் இதைச் சொல்லியிருப்பது நேர்மையாக இருந்திருக்கும்.

காலக்கோட்டுப் படம் அழகானது, சாப்பாட்டு மேசைக்கு மேலே இன்றும் தொங்குகிறது. அதில் படைப்புக்குக் கி.மு. 4004 என்று போட்டிருக்கிறார்கள். அது வேதாகமத்தில் எழுதப்பட்ட எண் அல்ல. 17ஆம் நூற்றாண்டில் அயர்லாந்துப் பேராயர் அஷர் வம்ச வரலாறுகளைக் கூட்டிக் கணித்தது. வசனத்தையும் ஒருவரின் கணக்கையும் ஒரே மையில் அச்சிடக் கூடாது என்பதால், நான் பென்சிலால் ‘அஷரின் கணக்கு’ என்று எழுதிவிட்டேன். அப்போஸ்தலருக்குப் பின் படம் 1517இல் லூத்தருக்குத் தாவி, அங்கிருந்து நேரே அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிடுகிறது. இந்தியப் பெருங்கடல் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. பிள்ளைகளும் நானும் துண்டுக் கடதாசிகள் ஒட்டினோம்: 1544இல் மன்னாரில் கொல்லப்பட்ட கிறிஸ்தவர்கள் (இது மாமியின் வேண்டுகோள்), 1687இல் பிச்சைக்காரர் வேடத்தில் இலங்கைக்கு வந்த கத்தோலிக்கக் குரு யோசேப் வாஸ், 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார், பேர்சிவல் பாதிரியாரோடு சேர்ந்து ஆறுமுக நாவலர் உழைத்து 1850இல் வெளிவந்த வேதாகம மொழிபெயர்ப்பு. சைவத்தின் பெருங்காவலர் வேதாகமத்தை மொழிபெயர்த்தார் என்பதை மகள் நம்பவே இல்லை. 2015இல் காலி முகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் யோசேப் வாஸைப் புனிதராக அறிவித்த துண்டை மட்டும் மகன் ஒட்டினான், சற்றுச் சரிவாக. அந்தத் திடலில் அவன் பட்டம் விட்டிருக்கிறான்.

பரீட்சையை நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் சமயம் கட்டாய பாடம். நீலப் பெட்டிக்கும் அரசாங்கப் பாடத்திட்டத்துக்கும் தொடர்பு இல்லை. தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றவிருக்கும் பிள்ளைக்குக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் கிறிஸ்தவப் பாடநூலை இணையத்தில் இறக்கி, தனியே படிப்பிக்க வேண்டும்.

இரண்டாம் வருடப் பெட்டி வந்துவிட்டதாகக் கடையிலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். வழிகாட்டியை மட்டும் தனியே தருவீர்களா, அட்டைகள் வேண்டாம் என்று கேட்டேன். பெட்டியைப் பிரித்து விற்க முடியாது என்றார்கள். கேட்டுப் பார்த்துவிட்டுச் சொல்வதாக அங்கிருந்த பிள்ளை என் இலக்கத்தைக் குறித்துக்கொண்டாள். மகள் இப்போதே வெற்று அட்டைகள் வெட்டி, றப்பர் வளையம் போட்டு வைத்திருக்கிறாள்.