ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஓர் உதிரிபாகக் கடை

சென்னை அண்ணா சாலையையொட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வரிசையாக நிற்கும் வாகன உதிரிபாகக் கடைகளுள், பத்தடி அகலமே உள்ள ஒன்றில்தான் என் பழைய ஸ்பிளெண்டர் பைக்குக்கு ஆறு ஆண்டுகளாகப் பாகங்கள் வாங்குகிறேன். அதன் அருமை, விலை குறைவென்று ஓர் இணையதளத்தில் ஆக்சிலேட்டர் கேபிள் வாங்கி ஏமாந்தபின்தான் முழுதாகப் புரிந்தது. 2020 ஏப்ரலில் வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ். 6 விதி வந்ததையொட்டி, புதிதாக வரும் ஸ்பிளெண்டர்கள் பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரை விட்டு, மின்னணுக் கட்டுப்பாட்டில் பெட்ரோலைத் தெளிக்கும் ஃபியூயல் இஞ்செக்‌ஷனுக்கு மாறிவிட்டன. எனக்கு வந்ததோ புதிய வண்டிக்கான கேபிள்.

கடைக்காரர் என் பழைய கேபிளை வாங்கி, மேசைமேல் புதியதோடு சேர்த்து நீட்டி, முனையிலுள்ள உலோக உருண்டையை நகத்தால் தொட்டு ஒப்பிட்ட பிறகே விலையைச் சொன்னார். அட்டையில் அச்சிட்ட விலையில் பத்து விழுக்காடு குறைத்தார். இணையத்தில் இன்னும் சற்றுக் குறைவுதான், மறுப்பதற்கில்லை.

எஞ்சின் ஆயில், பல்பு, கண்ணாடி போன்ற, யார் வாங்கினாலும் பொருந்தும் சரக்குகளின் விற்பனை கைப்பேசிவழி இணையக் கடைகளுக்குப் போய்விட்டதாகவும், மெக்கானிக்குகளின் கணக்கே கடையைத் தாங்குவதாகவும் அவர் சொன்னார். அதனால்தானோ என்னவோ, மெக்கானிக் வந்துவிட்டால் நம்மைப் போன்ற சில்லறை வாடிக்கையாளர் காத்திருக்க வேண்டியதுதான். கேட்டால்தான் ரசீது கிடைக்கிறது என்பதும், வண்டி நிறுத்த இடமே இல்லை என்பதும் குறைகள். அரிதான பாகமென்றால் பக்கத்துக் கடைக்குப் பையனை அனுப்பி வாங்கித் தருகிறார். அதற்குக் கூடுதலாக எதுவும் கேட்டதில்லை.