"எஞ்சின் ரீபோர் பண்ணியது, பில் இருக்கிறது" என்று சொல்லி விற்கிற ஆஃப்ஷோர் படகுகள்: முன்பணம் அனுப்புமுன் இதைப் படியுங்கள்

ஃபுளோரிடா மேற்குக் கரையில், டாம்பாவிலிருந்து நேப்பிள்ஸ் வரைக்கும் எங்கேயாவது, திறந்த கடலில் ஓட்டுகிற பழைய ஆஃப்ஷோர் வேகப்படகு ஒன்று வாங்கலாம் என்று தேடிக்கொண்டிருக்கிறவர்கள் தயவுசெய்து இதை முழுக்கப் படியுங்கள். "நன்னீரில் மட்டுமே ஓடிய படகு, இரண்டு எஞ்சினும் இறக்கி ரீபோர் (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கிப் புது பிஸ்டன் போடுவது) பண்ணியது, பில் கையில் இருக்கிறது" என்று ஒரே விளம்பரத்தில் மூன்றும் சேர்ந்து வந்தால் பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள். எங்களுக்கு அந்த மூன்றையும் சொல்லித்தான் விற்றார்கள். மூன்றும் பொய். அந்தப் படகு 2022 செப்டம்பர் இயன் சூறாவளியில் உப்புநீர் ஏறிக் கிடந்த படகு.

விற்றவர் பெயரை இங்கே போடவில்லை. வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது, விஷயம் முடிகிறவரை பெயர் எழுத வேண்டாம் என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். படகு கட்டிய கம்பெனி பெயரும் வேண்டாம், அவர்கள் மேல் எந்தக் குறையும் இல்லை. 29 அடி, 90களின் கடைசியில் கட்டியது, உள்ளே இரண்டு மெர்க்ரூசர் 502 மேக்னம் எம்.பி.ஐ. எஞ்சின், ஒவ்வொன்றும் 8.2 லிட்டர், 415 குதிரைத்திறன், பின்னால் பிராவோ ஒன் டிரைவ் (எஞ்சினின் சக்தியை ப்ரொபெல்லருக்குக் கொண்டுபோகிற பாகம்). இந்த வகைப் படகு ஓட்டியவர்களுக்கு ஏன் இதன்மேல் ஆசை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அடிப்பாகம் ஆழமான 'வி' வடிவம், பல படகுகளில் பின்பக்கத்திலேயே 24 டிகிரி சரிவு இருக்கும், அதனால் அலைமேல் தட்டென்று விழாமல் வெட்டிக்கொண்டு இறங்கும். 1960இல் மயாமி–நசாவ் பந்தயத்தில், மற்றப் படகுகள் திணறின கடலில், ரே ஹன்ட் வரைந்த அந்த வடிவம் கொண்ட 'மாப்பி' ஜெயித்ததிலிருந்துதான் உலகமே இந்த ஹல்லுக்கு (படகு உடலுக்கு) மாறியது. அப்புறம் டான் ஆரனோ வடக்கு மயாமியில் 188ஆம் தெருவில் உட்கார்ந்து ஃபார்முலா, டான்ஸி, மேக்னம், சிகரெட் என்று வரிசையாகக் கம்பெனி தொடங்கினார். எனக்கும் என் தம்பிக்கும் இந்தச் சரித்திரமெல்லாம் மனப்பாடம், பல வருஷமாகச் சேர்த்த காசில்தான் இந்தப் படகை வாங்கினோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் படகுகளில் பணம் இருக்கிற இடம் எஞ்சினும் டிரைவும்தான். ஹல்லை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் முப்பது வருஷம் கூட உழைக்கும், ஆனால் எஞ்சின் ஒவ்வொரு சில நூறு மணி நேர ஓட்டத்துக்கும் வேலை கேட்கும், ஏனென்றால் கார் எஞ்சின் மாதிரி சும்மா உருண்டுகொண்டு போகிற வேலை இதற்குக் கிடையாது, ஏறக்குறைய எப்போதும் பாரத்திலேயே ஓடும். முழு த்ராட்டிலில் (முழு வேகத்தில்) எங்கள் படகு மாதிரி ஒன்று மணிக்கு 60 கேலனுக்கு மேல், அதாவது 230 லிட்டருக்கு மேல், பெட்ரோல் குடிக்கும் என்றால் உள்ளே எவ்வளவு சூடு, எவ்வளவு தேய்மானம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆகவே ஒரே மாடல், ஒரே வருஷம், ஒரே நிறத்தில் இரண்டு படகு இருந்தால், எஞ்சின் புதிதாக வேலை பார்த்த படகு இருபதாயிரம் முப்பதாயிரம் டாலர் கூடுதலாகப் போகும். ஒரு பில்லைத் தயாரித்தால் முப்பதாயிரம் கிடைக்கும் என்றால் தயாரிக்க ஆள் இருக்கத்தான் செய்வான்.

எங்களுக்குக் காட்டிய பில் அவ்வளவு சுத்தமாக இருந்தது. ஒரு பக்கத்து மாநில மெஷின் ஷாப் பெயர், தேதி, இரண்டு எஞ்சினின் சீரியல் நம்பர், "30 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 30 பங்கு) ஓவர் போர், ஃபோர்ஜ்டு பிஸ்டன், புது பேரிங், புது வால்வு ஸ்பிரிங்" என்று வரிவரியாக, கீழே கையெழுத்து. டேஷ்போர்டில் மற்றக் கேஜ்களின் வளையமெல்லாம் வெயிலில் மஞ்சளடித்துப் போயிருக்க, எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மணிக்கணக்கு மீட்டர்கள் இரண்டு மட்டும் பளிச்சென்று இருந்தன. கேட்டதற்கு "எஞ்சின் புதுசு, அதனால் மீட்டரும் புதுசாகப் போட்டோம், கணக்கு சுழியத்திலிருந்து வரட்டும்" என்றார் விற்றவர். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். பழைய 502 மாதிரி எஞ்சின்களில் பலவற்றில் இந்த மீட்டர்தான் ஒரே கணக்கு, கழற்றி மாட்ட பத்து நிமிஷம் போதும். பிற்காலத்து எஞ்சின்களில் கம்ப்யூட்டரே எத்தனை மணி நேரம், எந்த ஆர்.பி.எம்.மில் ஓடியது என்று பதிந்து வைத்திருக்கும், ஸ்கேன் டூல் மாட்டினால் படிக்கலாம், அங்கே பொய் சொல்வது கஷ்டம்.

நன்னீர் விஷயத்தில் அவர்கள் காட்டிய கவனத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. உப்புநீரில் ஓடும் படகின் டிரைவில் துத்தநாகமோ அலுமினியமோ ஆனோடு (மற்ற உலோகத்துக்குப் பதில் தான் அரித்துப்போகிற துண்டு) இருக்கும், நன்னீர்ப் படகுக்கு மெக்னீசியம் போடுவார்கள். விவரம் தெரிந்தவர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்று தெரிந்தே, புத்தம்புது மெக்னீசியம் ஆனோடு மாட்டிவைத்திருந்தார்கள். படகு மிசௌரியில் லேக் ஆஃப் தி ஓசார்க்ஸ் ஏரியில் இருந்தது என்று கதை. எஞ்சின் முழுக்கப் புதுக் கருப்புப் பெயின்ட்.

ஹல் சர்வே நாங்கள் சாம்ஸ் (படகு சர்வேயர்கள் சங்கம்) அங்கீகாரம் உள்ள சர்வேயரை வைத்துத்தான் செய்தோம். அமெரிக்காவில் படகு சர்வேயருக்கு அரசாங்க லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது, யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்ளலாம், அதனால் சாம்ஸ் அல்லது அதே மாதிரி இன்னொரு சங்கமான நாம்ஸ் உறுப்பினரா என்று பார்ப்பது முக்கியம். அந்த மனுஷர் சுத்தியலால் தட்டித் தட்டி, டிரான்ஸத்தில் (படகின் பின்பக்கச் சுவரில்) ஈரம் அளக்கும் கருவி வைத்து, ஒழுங்காகப் பார்த்தார். ஹல் நன்றாகவே இருந்தது. ஆனால் எஞ்சினின் உள்பாகம் சர்வேயில் சேராது, அதை அறிக்கையிலேயே எழுதிவிடுவார்கள். எஞ்சினுக்குத் தனியாக எங்கள் மெக்கானிக்கை அழைத்து வருகிறோம் என்றபோது, படகு நின்ற யார்டின் இன்ஷூரன்ஸ் வெளி ஆளை அனுமதிக்காது, தங்கள் ஆளே கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டர்களின் அழுத்தம் அளப்பது) எடுத்துத் தாளில் தருவார் என்றார்கள். தாள் வந்தது. பதினாறு சிலிண்டரிலும் எண் ஏறக்குறைய ஒரே மாதிரி.

தண்ணீரில் ஓட்டிப் பார்க்கப் போனால், நாங்கள் போய்ச் சேருமுன்பே எஞ்சின் ஓடிச் சூடாக இருந்தது. குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போதுதான் புகை, தட்டல், வால்வு சத்தம் எல்லாம் வெளியே வரும், அதை மறைக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. அப்புறம் கரையோர இன்ட்ராகோஸ்டல் வாய்க்காலிலேயே சுற்றினோம். மனாட்டி (கடல் பசு) பாதுகாப்புப் பகுதி, மெதுவாகத்தான் போகணும், வெளியே கடல் சரியில்லை என்று சொல்லி முழு த்ராட்டில் ஒரு நிமிஷத்துக்கு மேல் தரவேயில்லை.

வாங்கி அந்த சீசன் முடியுமுன்பே வலது எஞ்சின் போனது. சானிபல் தீவுக்கு வெளியே, கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், ஆயில் பிரஷர் முள் மெதுவாக இறங்கிக்கொண்டே வர, உள்ளே கொட்டுகிற சத்தம். தம்பி உடனே சாவியை அணைத்துவிட்டான். மற்ற எஞ்சினில் நொண்டி நொண்டி வந்தோம்.

எஞ்சினைப் பிரித்த கடைக்காரர் எங்களைக் கூப்பிட்டுக் காட்டியதை அப்படியே சொல்கிறேன். 502இன் ஒரிஜினல் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 4.466 அங்குலம். 30 தௌ ரீபோர் பண்ணியிருந்தால் 4.496 வர வேண்டும். உள்விட்டம் அளக்கும் கேஜை ஒவ்வொரு சிலிண்டராக இறக்கி அளந்தார். எட்டிலும் 4.466, தேய்மானம் போக. பிஸ்டன் கம்பெனி போட்ட அதே பழைய பிஸ்டன். சிலிண்டர் சுவரில் ஒரு பக்கமாக மட்டும் குழி குழியாகத் துரு, தண்ணீர் தேங்கி நின்ற மட்டம் வரை கோடு போட்ட மாதிரி. பேரிங் அரித்துச் செம்பு நிறம் தெரிந்தது. பில்லில் பெயர் இருந்த மெஷின் ஷாப்புக்கு அவரே எங்கள் எதிரில் போன் போட்டார். அந்த சீரியல் நம்பரில் எந்த எஞ்சினும் தங்களிடம் வந்ததில்லை, அந்த பில் நம்பர் வேறொருவருடைய டிராக்டர் வேலைக்குப் போட்டது என்றார்கள்.

அப்புறம்தான் எச்.ஐ.என். என்கிற படகின் அடையாள எண்ணை இன்டர்நெட்டில் தேடினோம். டிரான்ஸத்தின் வலது மேல் மூலையில் 12 எழுத்தும் எண்ணுமாக இருக்கும், கடைசி இரண்டும் மாடல் வருஷம். சேதமான வண்டி, படகு விற்கிற ஏலத் தளத்தின் பழைய பட்டியலில் எங்கள் படகு, மாங்குரோவ் மரங்களுக்குள் சாய்ந்து, எஞ்சின் மூடி திறந்து, உள்ளே பழுப்புத் தண்ணீர். இயன் கரையேறியது 2022 செப்டம்பர் 28, கேயோ கோஸ்டா தீவில். அந்தச் சுற்றுவட்டாரத்துப் படகு.

டைட்டில் (உரிமைப் பத்திரம்) சுத்தமாக இருந்ததே என்று கேட்பீர்கள். ஹல் சேதமடைந்த படகின் டைட்டிலில் அதைக் குறிப்பிட வேண்டும் என்ற சட்டம் ஃபுளோரிடாவில் 2023 ஜூலை 1இலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. புயல் அதற்கு முந்தைய வருஷம். புரோக்கர் லைசென்ஸ் சட்டமும் 32 அடிக்கு மேற்பட்ட படகுக்குத்தான், எங்கள் 29 அடி அதில் வராது. விற்றவர் இதெல்லாம் தெரிந்த ஆள். ஒப்பந்தத்தில் "இருக்கிற நிலையிலேயே விற்பனை" என்று ஒரு வரி இருக்கிறதாம், அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார். தெரிந்தே பொய் சொன்னதற்கும் பொய் பில் கொடுத்ததற்கும் அந்த வரி கவசமாகாது என்று வக்கீல் சொல்கிறார், பார்ப்போம்.

வாங்கப் போகிறவர்கள் செய்ய வேண்டியது இதுதான். எச்.ஐ.என். எண்ணை விளம்பரம் பார்த்த அன்றைக்கே கேளுங்கள், தர மறுத்தால் அத்தோடு விடுங்கள். பில்லில் இருக்கிற கடையின் நம்பரை பில்லிலிருந்து எடுக்காமல் நீங்களே தேடி எடுத்துப் பேசுங்கள், சீரியல் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் மெக்கானிக்கை யார்டுக்குள் விடமாட்டோம் என்றால், படகை ட்ரெய்லரில் வேறு இடத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், செலவு உங்களுடையதாக இருந்தாலும் பரவாயில்லை. அவர் ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் கேமரா விட்டுச் சிலிண்டர் சுவரைப் பார்க்கட்டும். புது ரீபோர் என்றால் ஹோன் பண்ணிய, அதாவது கல்லால் தேய்த்த, குறுக்குக்கோடு தெளிவாகத் தெரியும், துரு இருந்தால் அதுவும் தெரியும். லீக்-டவுன் டெஸ்ட் (சிலிண்டரில் காற்று ஏற்றி எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது) அவசியம். ஆயில் சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்புங்கள், சோடியம் கூடுதலாக வந்தால் கடல் தண்ணீர் உள்ளே போயிருக்கலாம், ஏன் என்று கேட்டே ஆக வேண்டும். ஆனால் விற்கிறவர் முந்தின நாள்தான் ஆயில் மாற்றினேன் என்று சொன்னால் அந்த சாம்பிளால் பிரயோஜனமில்லை, சில மணி நேரம் ஓட்டி எடுக்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாயில்) கை வையுங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறோம் என்று திரும்பிவிடுங்கள்.

இதை இப்போது எழுதக் காரணம், அதே யார்டில் போன வாரம் இன்னொரு படகு விளம்பரத்துக்கு வந்திருக்கிறது. 38 அடி, இரட்டை எஞ்சின், ஓசார்க்ஸ் நன்னீர்ப் படகு, ரீபோர் பண்ணியது, பில் இருக்கிறது. டேஷ்போர்டு போட்டோவில் மணிக்கணக்கு மீட்டர் இரண்டும் புதுசு. அதைப் பார்க்கப் போகிறவர்கள் யாராவது இருந்தால் கிளம்புமுன் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், எங்கள் பில்லின் நகலை அனுப்புகிறேன், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.