பாலை விட்ட வங்க மொழி, திணையை விட்ட இந்தி

ராம் வந்தான், சீதா வந்தாள். இந்தியில் ‘ராம் ஆயா’, ‘சீதா ஆயீ’. வங்க மொழியில் இருவருக்கும் ‘எலோ’ என்ற ஒரே வினைதான். இதை வைத்துத்தான் வங்க மொழி எளிது, இந்தி கடினம் என்று பலரும் தீர்ப்புச் சொல்கிறார்கள். எளிது என்பது உண்மைதான். ஆனால் வேறுபாடு அதைவிட ஆழமானது.

இந்தியில் உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. வீடு ஆண், புத்தகம் பெண். மீசையும் தாடியும் பெண்பால், போலீஸும் பெண்பால். ‘ராம் நே கிதாப் படீ’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். படித்தவன் ராம், ஆனால் வினை பெண்பாலில் நிற்கிறது, புத்தகத்துக்காக! பால் பிரிக்காத மொழியில் வளர்ந்த வங்காளிகள் இந்தியில் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். அவர்களுக்கு ‘என்’ என்றால் எதன் முன்னும் ‘ஆமார்’; வீடானாலும் வண்டியானாலும் அது மாறாது.

வங்க மொழியில் பெண்பால் சொற்களே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். லேகக் (எழுத்தாளன்), லேகிகா (எழுத்தாளர், பெண்) போன்ற சமஸ்கிருத இணைகள் நிறைய உண்டு. அவை பெயரோடு நின்றுவிடும், வினையைத் தொடாது. ‘அவன்’, ‘அவள்’ இரண்டுக்கும் ‘சே’ ஒன்றே. பக்கத்து அசாமியிலோ வினையில் பால் இல்லாவிட்டாலும் அவனுக்கும் அவளுக்கும் தனிச்சொற்கள் உண்டு.

தமிழ் படித்தவருக்கு வியப்பு தருவது வேறொன்று. வங்க மொழி பாலைக் கைவிட்டாலும் திணையைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. மூன்று பேர் என்றால் ‘தின்ஜொன்’, மூன்று பொருள் என்றால் ‘தின்டா’. நம் மூவர், மூன்று போலவே! பன்மையிலும் பையன்களுக்கு ‘ரா’, புத்தகங்களுக்கு ‘குலோ’. ‘டா’ சில நேரம் மனிதரோடும் ஒட்டும், நெருக்கத்தையோ இளக்காரத்தையோ காட்ட. இந்தியிலோ ‘வஹ்’ என்பதே அவன், அவள், அது மூன்றும். சுட்டுச்சொல்லில் மனிதரா பொருளா என்று பிரிக்காத இலக்கணம், மேசை ஆணா பெண்ணா என்று கேட்கிறது. எனக்கு வங்க மொழியின் வழிதான் நியாயமாகப் படுகிறது.

ஆனால் அந்த நியாயம் தமிழுக்கு மொழிபெயர்ப்பவரைப் படாதபாடு படுத்தும். ஒரு கதை ‘சே எலோ’ என்று தொடங்கி, வந்தவர் யாரென்று இரண்டு பக்கம் மறைத்து வைத்தால் என்ன செய்வது? ‘வந்தான்’, ‘வந்தாள்’ இரண்டும் கதையைக் காட்டிக்கொடுத்துவிடும். ‘வந்தார்’ என்று ஒளிந்துகொள்ளவும் முடியாது. மரியாதைக்கு வங்க மொழியில் ‘தினி எலேன்’ என்று தனி வடிவம் இருக்கிறது. சாதாரணமாக வந்தவருக்கு மாலை போட்டதாகிவிடும். நானாக இருந்தால் வந்தவருக்கான வினைமுற்றையே தவிர்ப்பேன்: ‘கதவு திறந்தது. வாசலில் ஓர் ஆள்.’