"பேக்கெட் சைஸ் மாற்றினால் லைன் பறக்கும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்

கோலாலம்பூர் செந்தூல் பக்கம் இருப்பவர்கள் முக்கியமாகப் படியுங்கள். போன மாதம் எங்கள் வீட்டில் நடந்தது இது.

இரவில் இன்டர்நெட் லைன் இழுக்கிறதே என்று கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஒருவரைக் கூப்பிட்டேன். பத்து நிமிடம் தட்டிவிட்டு, "அண்ணே, பேக்கெட் சைஸ் பெரிசா இருக்கு, சின்னதாக்கிட்டேன், இனி பறக்கும்" என்றார். இன்டர்நெட்டில் தகவல் பிரிந்து போகும் சின்னப் பொட்டலம்தான் பேக்கெட். கூலி 150 வெள்ளி. ரிசிட் அப்புறம் அனுப்புகிறேன் என்றார், இன்றுவரை வரவில்லை.

மறுநாள் என் மனைவியின் ஆபீஸ் வேலை நின்றது. வீட்டிலிருந்தே ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் போகும் விபிஎன் இணைகிறது, ஃபைல் திறக்க மாட்டேன் என்கிறது. மூன்று நாள் அவள் நெரிசலில் கார் ஓட்டி ஆபீஸ் போய் வந்தாள். அவருக்குப் போன் போட்டால், "ரௌட்டர் தாங்கல அண்ணே, புதுசு 380 வெள்ளி" என்கிறார். அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

அக்கா மகன் வந்து கருப்புத் திரையில் ஒரு கட்டளை அடித்தான். எம்டியு, அதாவது ஒரு பேக்கெட்டின் உச்ச அளவு, என்ற இடத்தில் 576 பைட். "மாமா, இது டயல்-அப் காலத்து அளவு!"

ஈதர்நெட் என்ற கேபிள் இணைப்புக்கு வழக்கமான அளவு 1500. பிபிபிஓஇ (பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து லைனில் நுழையும் முறை) வழியாக வரும் ஃபைபர் லைனில் அதற்கே 8 பைட் போய்விடும், மிச்சம் 1492. அதை ரௌட்டரே பார்த்துக்கொள்ளும், கம்ப்யூட்டரில் 1500-ஐத் தொடத் தேவையில்லை. ஒவ்வொரு பேக்கெட்டும் முகவரி விவரத்துக்காக 40 பைட் சுமக்கிறது. 1492-இல் அது 3 விழுக்காடுகூட இல்லை, 576-இல் கிட்டத்தட்ட 7. சின்னதாக்கினால் வேகம் எப்படிக் கூடும்?

விண்டோஸில் நீங்களே பார்க்கலாம். பிங் கட்டளையோடு மைனஸ் எஃப், மைனஸ் எல் 1464 என்று சேர்த்து (ping -f -l 1464), ஏதாவது ஒரு இணையதள முகவரியை அடியுங்கள். பதில் வந்து, 1465-க்கு மட்டும் துண்டாக்க வேண்டும் என்று சொன்னால் உங்கள் லைன் 1492. மீதி 28 பைட் பிங்கின் தலைப்பு. எங்கள் வீட்டில் 1464-க்கே துண்டாக்க வேண்டும் என்று வந்தது. 1500-க்குத் திருப்பினான், ஃபைல் உடனே திறந்தது. இரவில் இழுத்ததற்குக் காரணம், டிவிக்குப் பின்னால் ஒளிந்திருந்த ரௌட்டர்; வைஃபை சிக்னல் மறைந்துபோனது.

யார் வந்தாலும் மாற்றும் முன் பழைய எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கையோடு ரிசிட் வாங்குங்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி, வழக்கறிஞர் இல்லாமலே மனு கொடுக்கலாம். என்னிடம் ரிசிட் இல்லை, ஆனால் கியூஆரில் காசு போட்ட பதிவும், "புது ரௌட்டர் 380" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப்பும் இருக்கின்றன. இந்த வாரம் மனு கொடுக்கிறேன்.