நிர்வாகி உரிமை இல்லாத கணினியில் வீடியோ டிவிடி: என் அனுபவம்

கல்லூரி நூலகத்தில் ஆண்டு விழா, நாடகப் பதிவுகளை டிவிடியாக்கித் தரும் வேலை பல ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கிறது. பென்டிரைவ் காலத்தில் டிவிடி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றி அலமாரியில் வைக்க நூலகத்துக்கு ஒரு பொருள் வேண்டும், சில பெற்றோர் வீட்டில் பழைய பிளேயர்தான் இன்னும் ஓடுகிறது. எனக்குத் தரப்பட்டிருப்பதோ சாதாரணப் பயனர் கணக்கு. எதை நிறுவப் போனாலும் கடவுச்சொல் கேட்கும் பெட்டி வந்து நின்றுவிடும்.

விண்டோஸ் எக்ஸ்பி இருந்த நாளில் இது உண்மையிலேயே பெரிய தொல்லை. தட்டில் எழுதும் மென்பொருள்கள் டிவிடி டிரைவுக்கு நேரடியாகக் கட்டளை அனுப்பும். அந்த அனுமதி நிர்வாகிக்கு மட்டுமே இருந்ததால், என் கணக்கில் நீரோ என்ற அத்தகைய மென்பொருளைத் திறந்தால் டிரைவே இல்லாததுபோல் காட்டும். எக்ஸ்பியின் சொந்த வசதி சிடியோடு நின்றுவிட்டது. கணினிப் பொறுப்பாளர் ஒருமுறை வந்து நீரோ பர்ன்ரைட்ஸ் என்ற சிறு கருவியை இயக்கி அனுமதி கொடுத்த பிறகே வேலை நகர்ந்தது.

விண்டோஸ் 7 வந்தபின், டிரைவில் எழுதுவதற்கு நிர்வாகி உரிமை தேவைப்படவில்லை. மென்பொருளை நிறுவுவதற்குத்தான் தேவைப்பட்டது. ஆகவே பொறுப்பாளரின் சம்மதத்தோடு, நிறுவாமலே இயங்கும் டிவிடிஸ்டைலர் என்ற டிவிடி தயாரிப்பு மென்பொருளை என் கோப்புறையில் வைத்துக்கொண்டேன். அதில் வீடியோவையும் மெனுவையும் அமைத்து, நேரடியாகத் தட்டில் எழுதாமல் முழுத் தட்டின் உள்ளடக்கத்தையும் ஒரே கோப்பில் அடக்கும் ஐஎஸ்ஓ கோப்பாகச் சேமிப்பேன். பிறகு அந்தக் கோப்பை வலது சொடுக்கி, விண்டோஸிலேயே உள்ள எழுதும் வசதியிடம் ஒப்படைத்துவிடுவேன். இவ்விரண்டுக்கும் இடையில் எங்கும் கடவுச்சொல் கேட்கப்படுவதில்லை.

டிவிடிஸ்டைலரின் தற்காலிகக் கோப்புறையை மட்டும் முதலிலேயே இடம் அதிகமுள்ள டி டிரைவுக்கு மாற்றிவிட வேண்டும். அப்படிச் செய்யாமல் விட்டால், டிவிடிக்காக வடிவம் மாற்றிய வீடியோவும் ஐஎஸ்ஓவும் சேர்ந்து சி டிரைவை நிரப்பிவிடும். ஒருமுறை ஒரு மணி நேரம் காத்திருந்து, கடைசியில் இடமில்லை என்ற செய்தியைத்தான் பார்த்தேன். 4.7 ஜிபி என்று உறையில் அச்சிட்ட தட்டை, கணக்கிடும் முறை வேறு என்பதால், விண்டோஸ் 4.38 என்றே காட்டும். இரண்டு மணி நேர நிகழ்ச்சி அதில் அடங்க வேண்டுமானால் ஒலியும் சேர்த்து நொடிக்குச் சுமார் 5 மெகாபிட்டுக்குள் நிற்க வேண்டும். நம் நாட்டுத் தொலைக்காட்சிக்கான பிஏஎல் (PAL) வடிவத்தின் 720க்கு 576 புள்ளி அளவில் மேடை நாடகத்துக்கு அது போதும். விளக்குகள் வேகமாக மாறும் நடனத்தில் கட்டம் கட்டமாகச் சிதறுவது தெரியும்.

தொடக்கத்தில் நான் செய்த தவறு வேறு. காலித் தட்டைப் போட்டதும் விண்டோஸ் கேட்கும் கேள்விக்கு, யுஎஸ்பி போலப் பயன்படுத்து என்ற விடையைத் தேர்ந்து எம்பி4 கோப்பை இழுத்துப் போட்டேன். என் கணினியில் அழகாக ஓடியது. மறுநாள் ஒரு பேராசிரியர் தட்டைத் திருப்பிக் கொண்டுவந்து, "எங்க வீட்டு பிளேயர் இதை டிஸ்க்குன்னே ஒத்துக்க மாட்டேங்குதுங்க" என்றார். பழைய பிளேயர் தேடுவது வீடியோ டிஎஸ் (VIDEO_TS) என்ற கோப்புறையையும் அதனுள் எம்பெக்-2 வடிவிலான காட்சியையும்தான்.

இந்த முறையில் எனக்குள்ள ஒரே மனக்குறை, விண்டோஸின் கருவி எழுதும் வேகத்தைத் தேர்ந்தெடுக்க விடுவதில்லை என்பதே. மலிவான தட்டுகளை மெதுவாக எழுத விரும்புபவன் நான். அதற்கு ஈடாக, எழுதியபின் சரிபார்க்கும் பெட்டியில் எப்போதும் குறியிடுகிறேன். நேரம் கூடினாலும், கெட்டுப்போன தட்டு யார் கைக்கும் போகாமல் என் மேசையிலேயே அகப்பட்டுவிடுகிறது.

கணினிக்கு நிர்வாகி வைத்த கொள்கை அமைப்பிலேயே டிவிடியில் எழுதுவதைத் தடுத்திருந்தால் இந்த வழி எதுவும் செல்லாது. எங்கள் புதிய ஆய்வகக் கணினி ஒன்றில் அப்படித்தான் இருந்தது. குறுக்கு வழி தேடாமல், என்ன பதிவு, எத்தனை பிரதி என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாளில் அந்த ஒரு கணினிக்கு மட்டும் தடையை நீக்கித் தந்தார்கள்.