மில் ரோடு பழைய வீடா, கேம்போர்ன் புது வீடா? அமெரிக்க லைசென்ஸோடு கேம்பிரிட்ஜ் வருபவர்களுக்கு

டெக்ஸஸிலிருந்து வேலை மாறி இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் வந்தபோது கடைசிச் சுற்றில் எங்கள் கையில் இரண்டு வீடுகள் நின்றன. ஒன்று மில் ரோட்டை ஒட்டிய ரோம்சி பகுதியில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ரயில்வேக்காரர்கள் குடியேறிய தெருக்களில் ஒரு வரிசை வீடு. மங்கிய மஞ்சள் செங்கல், இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர். இன்னொன்று ஊருக்கு மேற்கே ஒன்பது மைல் தள்ளி, 1998-க்குப் பிறகு வயல்வெளியில் எழுந்த கேம்போர்னில், கார் நிறுத்த இடத்தோடு புது வீடு. பழையதை எடுத்தோம், ஒப்பந்தம் முடிந்தபோது அதையே நீட்டித்தோம். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்களைப் பற்றி ஒரு வரி. நானும் என் கணவரும் அமெரிக்கக் குடிமக்கள், குழந்தைகள் இல்லை, டெக்ஸஸில் பால் பாக்கெட் வாங்கக்கூடக் காரை எடுத்துப் பழகியவர்கள். குழந்தையோடு வருபவர்களுக்குப் பள்ளிதான் முதல் கணக்கு, அதில் என் அனுபவம் சைபர், வேறு யாரிடமாவது கேளுங்கள்.

வாங்காமல் ஏன் வாடகை என்று கேட்பார்கள். இங்கே குடியிருந்த வீட்டை விற்றால் லாபத்துக்குப் பொதுவாக வரி கிடையாது. ஆனால் அமெரிக்கக் குடிமகன் எந்த நாட்டில் இருந்தாலும் அந்நாட்டு வரித் துறையான ஐ.ஆர்.எஸ். பின்னாலேயே வரும், தம்பதி சேர்ந்து கணக்குக் கொடுத்தால் 5 லட்சம் டாலர் லாபம் வரைதான் விலக்கு. பவுண்டில் வாங்கிய கடனை அடைக்கும்போது டாலர் மதிப்பு மாறியதால் 'லாபம்' வந்திருந்தால் அதற்கும் தனியாக வரி. இதெல்லாம் படித்த பிறகு கொஞ்ச வருடம் வாடகையே போதும் என்று முடிவு செய்தோம்.

சரி, எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களை வேகமாகக் கடந்துவிடலாம். வாஷிங் மெஷின் இரண்டு வீட்டிலும் சமையலறையில்தான். குளியலறையில் ஷேவர் பிளக்கைத் தவிர வேறு பாயிண்ட் இருக்காது, ஹேர் டிரையருக்குப் படுக்கையறைக்குத்தான் போக வேண்டும். 120 வோல்ட் மிக்ஸியையும் ரைஸ் குக்கரையும் பெட்டியில் அடைத்துக்கொண்டு வராதீர்கள், இங்கே 230 வோல்ட். அதற்குப் பரிசாக கெட்டிலில் தண்ணீர் அமெரிக்காவில் ஆகும் நேரத்தில் பாதியில் கொதிக்கும். கவுன்சில் வரியை (உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி) வாடகைக்கு இருப்பவர்தான் கட்ட வேண்டும், அது இன்னமும் வீட்டின் 1991 ஏப்ரல் மதிப்பை வைத்துப் போட்ட படிநிலை. அட்வான்ஸ் ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, 2019 சட்டம். கேம்பிரிட்ஜ் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், எந்த வீட்டில் இருந்தாலும் கெட்டிலுக்கு அடியில் வெள்ளையாகப் படியும்.

இப்போது கேம்போர்ன் வீட்டைப் பற்றி நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவிலிருந்து வந்தவர் உள்ளே கால் வைத்ததும் மனசு லேசாகிவிடும். மாடியில் படுக்கையறையோடு ஒட்டிய குளியலறை, சுவரோடு சேர்ந்த அலமாரி, வாசலில் இரண்டு கார் நிற்க இடம். இரட்டைக் கண்ணாடி ஜன்னல், சுவருக்குள் காப்பு, ஹீட்டரைப் போட்டால் பத்து நிமிடத்தில் சூடு. வேலை தொடங்கிய முதல் குளிர்காலத்தில் அங்கே நண்பர்கள் வீட்டில் தங்கியிருந்தோம். காலையில் எழுந்தால் ஸ்வெட்டர் வேண்டியிருக்கவில்லை. கடை இருக்கிறது, பெரிய சூப்பர்மார்க்கெட்டே இருக்கிறது, நடக்க ஏரிக்கரை இருக்கிறது. அதே வாடகைக்கு ரோம்சியில் கிடைப்பதைவிட ஒரு அறை கூடுதலாகவே கிடைக்கும். பழைய வீட்டில் இவை எதுவும் இல்லை. எங்கள் குளியலறை கீழ்த்தளத்தில் சமையலறைக்குப் பின்னால் ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கிறது, நடுராத்திரி படியிறங்கித்தான் போக வேண்டும். துணி அலமாரியை நாமே வாங்கி, அந்தக் குறுகிய மாடிப்படியில் ஏற்ற முடியாமல், பலகை பலகையாகக் கொண்டுபோய் மேலே வைத்துப் பூட்டினோம்.

பிறகு ஏன் பழையது? லைசென்ஸ். இந்த ஒரு விஷயத்தை வீடு பார்க்கும் நாளில் ஏஜெண்ட் சொல்ல மாட்டார், கம்பெனி மனிதவளத் துறையும் சொல்லாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அமெரிக்க லைசென்ஸை வைத்து இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் கார் ஓட்டலாம். அதற்கு மேல் முடியாது. கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், தென் கொரியா லைசென்ஸ் என்றால் தேர்வு இல்லாமலே இந்நாட்டு லைசென்ஸாக மாற்றிக்கொள்ளலாம். அமெரிக்கா அந்தப் பட்டியலில் இல்லை. (இந்தியாவும் இல்லை, ஊரிலிருந்து நேராக வருபவர்களுக்கும் இதே கதைதான்.) இருபது வருடம் ஓட்டியவரானாலும் பதினேழு வயதுப் பையனோடு வரிசையில் நின்று முதலில் தற்காலிக லைசென்ஸ் எடுத்து, எழுத்துத் தேர்வு, அப்புறம் சாலைத் தேர்வு என்று ஒவ்வொன்றாக முடிக்க வேண்டும்.

எழுத்துத் தேர்வில் 50 கேள்விக்கு 43 சரியாக இருக்க வேண்டும். கூடவே வீடியோவில் ஆபத்து வருவதைக் கவனித்து கிளிக் செய்யும் பகுதி, அதில் 75-க்கு 44. உட்கார்ந்து படித்தால் வந்துவிடும். தொல்லை சாலைத் தேர்வில்தான். 20 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிப்பதில் தொடங்கி நாற்பது நிமிடம் போல ஓட்ட வேண்டும். சின்னத் தவறு 15 வரை மன்னிப்பு, பெரிய தவறு ஒன்று போதும், முடிந்தது. எங்கள் வீட்டில் என் கணவர்தான் அதற்கு உட்கார்ந்தார். பயிற்சியாளர் பழைய பள்ளி வாத்தியார் மாதிரி, வேகத்தைக் குறைக்கும் முன் 'மிரர்', திரும்பும் முன் 'மிரர்', லேன் மாறும் முன் 'மிரர்' என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். கண்ணை மட்டும் ஓட்டினால் தேர்வாளருக்குத் தெரியாது, பார்த்தது தெரியும்படி பார்க்க வேண்டும். ஹைவேயில் ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து ஓட்டிப் பழகியவருக்கு இது ஓட்டக் கற்பதைவிடக் கஷ்டம், பழகியதை முதலில் விட வேண்டும். சிவப்பு விளக்கில் நின்று பார்த்துவிட்டு ஓரமாகத் திரும்பும் டெக்ஸஸ் பழக்கம் இங்கே செல்லாது, சிவப்பு என்றால் சிவப்புதான். ரவுண்டானாவில் வலமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும் என்பது புத்திக்கு உடனே ஏறிவிட்டது, கைக்கு ஏறத்தான் நாளானது.

இதில் இரண்டு வில்லங்கம். முதலாவது, சாலைத் தேர்வுக்குத் தேதி கிடைப்பதே பெரும்பாடு, பல ஊர்களில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வந்து இறங்கி, வேலையில் செட்டில் ஆகி, ஆறு மாதம் கழித்து ஆரம்பிக்கலாம் என்று நினைத்தால் 12 மாதத்துக்குள் முடியுமா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. இரண்டாவது, ஆட்டோமேட்டிக் காரில் தேறினால் ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்டலாம். கியர் கார் கற்றுக்கொள்ள இன்னும் மாதங்கள் போகும், நம்மில் பலர் அமெரிக்காவில் கியர் தொட்டதே இல்லை, அதனால் ஆட்டோமேட்டிக்கிலேயே தேர்வு எழுதிவிடுங்கள் என்பதுதான் என் யோசனை.

12 மாதம் தாண்டியும் தேறவில்லை என்றால், எல் போர்டு ஒட்டி, 21 வயதுக்கு மேற்பட்ட, மூன்று வருடமாக முழு லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் ஓட்டலாம். தம்பதி இருவருக்குமே காலாவதி என்றால் பக்கத்தில் யார் உட்காருவது? சட்டை செய்யாமல் ஓட்டினால் இன்சூரன்ஸ் செல்லாது, போலீஸ் காரையே எடுத்துக்கொண்டு போகலாம். இன்சூரன்ஸ் விஷயத்தில் இன்னொரு அடியும் உண்டு, அமெரிக்காவில் இத்தனை வருடம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டினோம் என்பதைப் பல கம்பெனிகள் கணக்கிலேயே எடுப்பதில்லை.

இப்போது கேம்போர்ன் வீட்டைத் திரும்பப் பாருங்கள். வாசலில் இரண்டு கார் இடம் என்பது வசதி மாதிரித் தெரியும், உண்மையில் இரண்டு காரும் வேண்டும் என்று அது நமக்குச் சொல்லும் செய்தி. இவருக்கு வேலை ஊருக்குத் தெற்கே பயோமெடிக்கல் வளாகத்தில், எனக்கு வாரத்தில் சில நாள் லண்டன். பஸ் இருக்கிறது, கட்டணத்துக்கு 2025 ஜனவரியிலிருந்து ஒரு பயணத்துக்கு 3 பவுண்டு என்ற உச்சவரம்பும் இருக்கிறது, ஆனால் கேம்பிரிட்ஜ் உள்ளே வந்து, இன்னொரு பஸ் பிடித்து, ஸ்டேஷனுக்கோ வளாகத்துக்கோ போய்ச் சேர்வதற்குள் பாதிக் காலை போய்விடும். கேம்போர்னுக்கு ரயில் நிலையம் திட்டத்தில் இருக்கிறது, திட்டத்தில் ஏறிப் பயணம் செய்ய முடியாது. ரோம்சியிலிருந்து ஸ்டேஷன் நடந்து போகும் தூரம், அங்கிருந்து லண்டன் கிங்ஸ் கிராஸ் ஒரு மணி நேரத்துக்குள். இவர் சைக்கிளில் போகிறார். மில் ரோட்டில் ஆசியக் கடைகளில் இட்லி அரிசி, உளுந்து, கறிவேப்பிலை, எல்லாம் பையோடு நடந்து போய் வாங்கி வருகிறேன். நான் இங்கே தேர்வே எழுதவில்லை, எழுத வேண்டிய அவசியம் வரவில்லை. இவரும் லைசென்ஸ் வாங்கிய பிறகு கார் வாங்கவில்லை. நார்ஃபோக் கடற்கரைக்குப் போக வேண்டுமானால் வார இறுதிக்கு வாடகைக் கார்.

சரி, பழைய வீட்டின் தலைவலியை மறைக்கக் கூடாது. ஈரம். இந்தக் காலத்து வீடுகளுக்கு ஒற்றைச் சுவர், நடுவில் இடைவெளி கிடையாது, காப்பு போடுவது கஷ்டம். குளிர்காலத்தில் காலையில் படுக்கையறை ஜன்னலில் உள்பக்கம் தண்ணீர் கோடுகோடாக வடியும், துடைக்காமல் விட்டால் சட்டத்தின் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை. டிரையர் வைக்க இடம் இல்லாததால் துணியை ஸ்டாண்டில் காயப்போட வேண்டும், அந்த ஈரமும் அறைக்குள்தான் சுற்றும். ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று வாங்கி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வைத்து, அறைக் கதவைச் சாத்திவிடுகிறோம். இரவு ஓடவிட்டால் காலையில் அதன் தொட்டியில் தண்ணீர் தளும்பும், எடுத்துக் கொட்ட வேண்டியதுதான். சமைக்கும்போது ஜன்னலைத் திறப்பது, அலமாரியை வெளிச்சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைப்பது, இந்த இரண்டும் பழகிவிட்டால் பூஞ்சை கட்டுக்குள் வரும். மறையாது, கட்டுக்குள் வரும். ஆஸ்துமா இருப்பவர்கள் வீட்டில் இந்தச் சமாளிப்பை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஹீட்டிங் பில் எங்களுக்குக் கேம்போர்ன் நண்பர்களைவிட அதிகம்தான். ஆனால் அவர்கள் இரண்டு காருக்கு இன்சூரன்ஸ், பெட்ரோல், வரி, ஆண்டுச் சோதனை என்று கட்டுவதோடு வைத்துப் பார்த்தால் அது சில்லறை. வாடகைக்கு விடும் வீட்டுக்கு எரிசக்திச் சிக்கனச் சான்றிதழில் ('ஏ' முதல் 'ஜி' வரை, 'ஏ' சிறந்தது) குறைந்தது 'ஈ' தரம் இருக்க வேண்டும் என்பது சட்டம், பழைய வீடு பார்க்கப் போனால் அந்தத் தாளை முதலில் கேளுங்கள். 'டி' இருந்தால் தைரியமாக எடுக்கலாம், 'ஈ' என்றால் ஜனவரியில் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கோடைகாலம் பற்றி ஒரு வார்த்தை. 2019 ஜூலை 25 அன்று கேம்பிரிட்ஜ் தாவரவியல் பூங்காவில் 38.7 டிகிரி பதிவானது, 2022 வரை அதுதான் நாட்டின் உச்சம். ஏசி எந்த வீட்டிலும் இருக்காது, ஜன்னலில் கொசுவலையும் இருக்காது. எங்கள் வீட்டில் கீழ்த்தளம் வெயிலில் தாங்குகிறது, மாடி தாங்கவில்லை. புது வீடுகள் உள்ளே வந்த சூட்டை வெளியே விடாது என்று நண்பர்கள் புலம்புவார்கள், நான் அங்கே குளிர்காலத்தில் மட்டுமே இருந்தவள் என்பதால் அதை அவர்கள் வாக்காகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நிலைமையில் இல்லாதவர்களுக்குக் கணக்கு மாறும். இருவருமே வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள், அல்லது தம்பதியில் ஒருவரிடம் ஏற்கெனவே கனடா, சிங்கப்பூர் மாதிரி மாற்றக்கூடிய லைசென்ஸ் இருக்கிறது என்றால் கேம்போர்னை முதலில் பாருங்கள், அந்தக் கதகதப்புக்கு எதுவும் ஈடில்லை. அப்போதும் பார்க்கப் போகும் அன்று ஏஜெண்ட் காரில் ஏறாதீர்கள். கேம்பிரிட்ஜிலிருந்து பஸ்ஸில் போய், நிறுத்தத்தில் இறங்கி, வீடு வரை நடந்து போய்க் கதவைத் தட்டுங்கள். முடிந்தால் மழை நாளில்.