நானா, அவளா: ஒரே சிறுகதையை இரண்டு முறை எழுதியபோது

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் சனம் போரால் இடம்பெயர்ந்து, கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்கு நடந்ததைப் பற்றிய சிறுகதை ஒன்றை முதலில் தன்மைக் கூற்றில் எழுதி முடித்தேன். பிறகு முழுவதையும் படர்க்கைக்கு மாற்றினேன். படர்க்கை என்று நான் சொல்வது எல்லார் மனத்தையும் அறிந்த ஆசிரியரின் குரலை அன்று. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி காண்பதையும் நினைப்பதையும் மட்டுமே ‘அவள்’ என்று சொல்லிச் செல்லும் முறையை.

தன்மைக் கூற்றின் வசதிகள் தெரிந்தவைதாம். தமிழின் முதல் நாவலாகக் கொள்ளப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ (1879) கூடக் கதைத்தலைவன் தன் வாயால் சொல்வதுதான். ஒன்பது வயதுப் பிள்ளை செந்தமிழில் கதை சொன்னால் நம்ப முடியாது, பத்துப் பக்கமும் பேச்சுத் தமிழிலேயே சொன்னால் வெளியூர் வாசகர் களைத்துப்போவார் என்ற சிக்கல் உண்டு. அதை எப்படியோ சமாளித்துவிடலாம். என்னை மாற்றி எழுத வைத்தது வினைமுற்று.

தமிழில் ஓர் ஆணைப் பற்றி ‘வந்தான்’ என்றோ ‘வந்தார்’ என்றோதான் எழுத முடியும். இரண்டுக்கும் பொதுவான வடிவம் நம்மிடம் இல்லை. என் கதையில் செல்லன் என்றொரு முதிய சீவல் தொழிலாளி, கள் இறக்குபவர், வருகிறார். சிறுமியின் வீட்டில் சின்னப் பிள்ளைகளும் அவரை ‘அவன்’ என்றே சொல்லிப் பழகியவர்கள். நம் ஊர்ச் சாதி வழக்கம் அப்படி. அன்றிரவு அம்மம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி விடியும்வரை உருட்டிக்கொண்டு வருபவர் அவரே. தன்மைக் கூற்றில், வளர்ந்தபின் நினைத்துச் சொல்லும் ‘நான்’ முடிவை முன்பே அறிந்தவள் என்பதால், முதல் வரியிலேயே ‘செல்லன் வந்தார்’ என்று எழுதிவிட்டேன். கதை அங்கேயே செத்துப்போயிற்று. அந்த இரவிலேயே நின்று பேசுவதுபோல நிகழ்காலத்திலும் எழுதிப் பார்த்தேன். பிள்ளை தன் மனமாற்றத்தைத் தானே அறிவிப்பதுபோல ஒலித்தது. படர்க்கையில் ‘செல்லன் வந்தான்’ என்று தொடங்கி, பாலத்துக்கு அப்பால் ஓரிடத்தில், எந்த விளக்கமும் இல்லாமல், ‘செல்லன் சைக்கிளைச் சாய்த்துப் பிடித்தார்’ என்று எழுத முடிந்தது. சிறுமிக்கே தெரியாமல் அவள் பார்வை மாறியதை அந்த ஒரு விகுதி சொல்லிவிடுகிறது.

இதற்குச் செலவும் உண்டு. தன்மைக் கூற்றில் ‘வந்தான்’ என்பது சொல்பவளின் குற்றமாகும். படர்க்கையில் அது எழுதியவன் தலையில் விழும். கைப்பிரதியை வாசித்த நண்பர் ஒருவர் முதற் பக்கத்திலேயே தாளை மடித்து வைத்துவிட்டு, ‘உமக்கும் அந்தப் புத்தி போகேல்லையோ’ என்று கேட்டார். மிச்சத்தையும் வாசிக்கச் சொல்ல வேண்டியதாயிற்று.

பராமரிப்பும் அதிகம், ஒவ்வொரு வினைமுற்றையும் யாருடைய வாய் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அம்மம்மாவுக்கு ‘வந்தாள்’ என்று எழுத எனக்குக் கை வராது, ‘வந்தார்’ என்பது பிள்ளையின் மனத்துக்கு அந்நியம். ஆகவே அவருக்கு மட்டும், பெண்களை மரியாதையாகச் சொல்லும் யாழ்ப்பாணப் பேச்சு வழக்கப்படி, ‘வந்தா’ என்றே எழுதினேன். தமிழகத்து இதழொன்றில் மெய்ப்புப் பார்த்தவர் அதை எழுத்துப்பிழை என்று எண்ணி எல்லா இடத்திலும் ‘ள்’ சேர்த்துவிட்டார்.

இவ்வளவும் சிறுகதை எழுதிய அனுபவத்தில் சொல்வது. நான் நாவல் எழுதியவன் அல்லன். முந்நூறு பக்கத்துக்கு ஒரே சிறுமியின் கண் தாங்குமா, அங்கே எல்லாம் அறிந்த குரல்தான் வேண்டுமா என்பதில் எனக்குத் தீர்ப்பு இல்லை. முன்னிலையில் எழுதியது இரண்டே பக்கம். ‘நீ’ என்பதா ‘நீர்’ என்பதா என்ற இடத்திலேயே அது நின்றுபோயிற்று.